ஒரு ஸ்டார் விழுந்துவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வோம்

கோத்தகிரியில் இருந்துகொண்டு தேயிலைத்தூள், தேன், நீலகிரித் தைலம் மூன்றையும் ஆன்லைனில் விற்கிறேன். முதலில் என் ரிவ்யூ பஞ்சாயத்துகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் பக்கத்துத் தெருவில் சோப்பு செய்து விற்கும் அக்கா வந்தார், அவர் சொல்லி குன்னூரிலிருந்து வர்க்கி பிஸ்கட் அனுப்பும் தம்பி வந்தான், இப்போதெல்லாம் யாராவது வணக்கம்கூடச் சொல்லாமல் போனை நீட்டினால் எங்கேயோ ஸ்டார் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, இதை எப்படி அழிக்கிறது?"

முக்கால்வாசி அழியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது அழியும், அழியாததை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், எந்தக் கட்டத்தில் வக்கீலையோ ஆய்வகத்தையோ தேடிப் போகவேண்டும் என்பதெல்லாம் கீழே இருக்கிறது. உங்களுக்கு வந்த ரிவ்யூ எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போங்கள். அடுத்த பகுதி மட்டும் எல்லோருக்கும்.

## எந்த ரிவ்யூவாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம்

பதில் எழுதக் கூடாது. ஒரு டிசம்பர் ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள் படுத்தபடியே ஒரு பின்னூட்டத்துக்கு, "தேன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு வித்தது என் தப்புதான்" என்று எழுதிவிட்டேன். அந்த வாடிக்கையாளர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, அடுத்து வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள், இரண்டு பேர் போனிலேயே "ஏங்க இப்படிப் பேசறீங்க" என்று கேட்டார்கள்.

பதிலுக்குப் பதிலாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஸ்டார், வாசகம், தேதி, பெயர் எல்லாம் ஒரே படத்தில் வரவேண்டும், எழுதியவர் நாளை திருத்தினாலும் பழையது உங்கள் கையில் இருக்கும். பிறகு அது எந்த ஆர்டர் என்று தேடுங்கள். செல்லர் பின்னூட்டம் என்றால் ஆர்டர் எண் கூடவே தெரியும். பொருள் ரிவ்யூ என்றால் தேதியை வைத்து ஊகிக்கத்தான் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். அமேசானில் விற்பவரைப் பற்றிய பின்னூட்டம் ஒரு பெட்டி, பொருளைப் பற்றிய ரிவ்யூ இன்னொரு பெட்டி. பின்னூட்டத்துக்குப் பொதுவில் பதில் எழுதலாம், விதிக்குப் புறம்பாக இருந்தால் நீக்கச் சொல்லியும் கேட்கலாம்: முழுக்க முழுக்கப் பொருளைப் பற்றியே எழுதியிருந்தால், கெட்ட வார்த்தை இருந்தால், போன் நம்பர் மாதிரி சொந்த விவரம் இருந்தால் நீக்குவார்கள். பொருள் ரிவ்யூவுக்குக் கீழே கருத்து எழுதும் வசதியை 2020 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். அங்கே புகார் பொத்தானை அழுத்தலாம், அவ்வளவுதான். மற்ற தளங்களில் பெயர்கள் மாறும், ஆனால் "இது என்னைப் பற்றியதா, பொருளைப் பற்றியதா, கூரியரைப் பற்றியதா" என்று பிரித்துப் பார்ப்பது எங்கேயும் உதவும்.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள், படபடப்பு கொஞ்சம் அடங்கும். 25 ரிவ்யூவோடு 4.6 சராசரியில் இருக்கிறீர்கள் என்றால், ஒரு ஒற்றை ஸ்டார் அதைச் சாதாரணக் கணக்கில் 4.46 ஆக்கும். திரும்ப 4.6க்கு வர ஒன்பது ஐந்து-ஸ்டார் வேண்டும். ஒன்பதுதானே, வந்துவிடும். ஆனால் பின்னூட்டத்தில் விஷயம் வேறு. அமேசானில் ஆர்டர் குறைபாட்டு விகிதம் என்று ஒன்று உண்டு, 60 நாள் ஆர்டர்களில் அது 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் பின்னூட்டம் விழுந்த ஆர்டரும் அதில் சேரும். 60 நாளில் 40 ஆர்டர் அனுப்புகிறவருக்கு ஒரே ஒரு மோசமான பின்னூட்டம் என்றால் 2.5 சதவீதம். ஆயிரம் ஆர்டர் அனுப்பும் கடைக்கு அது கொசுக்கடி. ஆகவே இரண்டு பெட்டியிலும் விழுந்திருந்தால் பின்னூட்டத்தை முதலில் கவனியுங்கள்.

## அறிகுறி: ஒரு ஸ்டார், ஒரு வார்த்தைகூட இல்லை

இதில் செய்வதற்கு அதிகம் இல்லை. கை தவறி அழுத்தியிருக்கலாம். "ஒண்ணுன்னா முதல் ரேங்க்தானே" என்று நினைத்து அழுத்திய ஒரு பெரியவரை நானே பார்த்திருக்கிறேன், தேன் பிரமாதம் என்று போனில் சொன்னார். ஆர்டரைக் கண்டுபிடிக்க முடிந்தால் தளத்தின் மெசேஜ் வழியாக ஒரே ஒரு தடவை, "பொருள் சரியாக வந்து சேர்ந்ததா, ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஸ்டார் என்ற பேச்சையே எடுக்காதீர்கள், மாற்றச் சொல்லிக் கேட்பது விதிமீறல். பதில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: "பத்து நாள் ஆச்சு, பெட்டியும் நசுங்கி வந்துச்சு"

### தளத்தின் கிடங்கிலிருந்து அவர்களே அனுப்பியிருந்தால்

பின்னூட்டம் முழுவதும் டெலிவரி பற்றியது என்றால் நீக்கக் கோரிக்கை கொடுங்கள். அமேசான் தன் கிடங்கிலிருந்து அனுப்பியதற்கு அந்த வாசகத்தின் மேல் கோடு போட்டு, பொறுப்பு எங்களுடையது என்று குறிப்பு வைத்துவிடும். நடுவில் "தூளும் சுமார்தான்" என்று ஒரு வரி இருந்துவிட்டால் கஷ்டம். அப்போதும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

### நீங்களே கூரியரில் போட்டிருந்தால்

நீக்க மாட்டார்கள், அது உங்கள் கணக்குதான். கூரியர்க்காரரைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் லிஸ்டிங்கில், அதாவது பொருளை விற்பனைக்குப் போட்டிருக்கும் பக்கத்தில், அனுப்பும் நாள் எத்தனை என்று போட்டிருக்கிறீர்கள், பாருங்கள். நான் பார்த்த பத்தில் எட்டுப் பேர் "ஒரு நாள்" என்று வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரருக்கு அது சரி, நமக்குச் சரிவராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் மொத்த வண்டியும் கோத்தகிரி வழியாகத் திரும்பும், அன்றைக்கு எந்த வேனும் நேரத்துக்கு இறங்காது. மைசூர் பக்கம் போகும் சரக்கு கூடலூர் வழியாகப் போனால் பந்திப்பூரில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துத் தடை, ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய வண்டிக்கு ஒரு ராத்திரியே போய்விடும். மே மாதக் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். மழை மாதங்களிலும் மே மாதத்திலும் அனுப்பும் நாளை மூன்று என்று மாற்றிவிடுங்கள். ஆர்டர் கொஞ்சம் குறையும், திட்டு நிறையக் குறையும்.

தைலம் விற்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அது தீப்பற்றும் திரவம், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். டெல்லிக்கு ரோட்டில்தான் போகும். இதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் அவர் இரண்டு நாளில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பதில் இந்த அளவுக்குப் போதும்: "தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்த வாரம் மலைப்பாதையில் போக்குவரத்து நின்றிருந்தது. உங்கள் பொருளுக்கு ஏதாவது சேதம் என்றால் மெசேஜ் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்." பாதை நின்றிருந்தது உண்மையாக இருந்தால் மட்டும் அந்த வரியை வையுங்கள். நசுங்கல் மாதத்துக்கு மூன்றுக்கு மேல் வந்தால் உங்கள் பெட்டி தாங்கவில்லை என்று அர்த்தம். கோவையில் அட்டைப்பெட்டி செய்பவரிடம் உங்கள் பாட்டிலையே கொண்டுபோய்க் கொடுத்து ஐந்து அடுக்குப் பெட்டியாக அளவெடுத்துப் போடச் சொல்லுங்கள்.

## அறிகுறி: "தேன் போலி. அடியில் சர்க்கரை கிடக்கு"

மலைத்தேன் விற்கும் எல்லோருக்கும் கார்த்திகை மார்கழியில் இது வந்தே தீரும். வாங்குகிறவர்மேல் கோபப்படவும் முடியாது. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள சிஎஸ்இ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு பல பிராண்டுத் தேன்களில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாகச் சொன்னதிலிருந்து எல்லோருமே பாட்டிலைச் சந்தேகத்தோடுதான் திறக்கிறார்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள், தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவார்கள், எறும்பு வருகிறதா என்று காத்திருப்பார்கள். அந்தச் சோதனைகளை வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் அதை ரிவ்யூவின் கீழ் வாதாடி ஜெயிக்கவும் முடியாது.

முதலில் அவர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

### அடியில் வெள்ளையாக, மணல் மாதிரி கட்டியிருந்தால்

உறைந்த தேன். 10லிருந்து 15 டிகிரிக்குள் தேன் வேகமாக உறையும், நம் ஊர் குளிர்கால ராத்திரி அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். பேக்கிங் அறையில் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த பாட்டில் உறைந்து, மேல்தட்டில் பல்புக்குப் பக்கத்தில் இருந்த அதே நாள் பாட்டில் உறையாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவருக்கு ஒரு மெசேஜ்: மூடியைத் தளர்த்தி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் பாட்டிலை வையுங்கள், கரைந்துவிடும், அடுப்பில் வைக்க வேண்டாம். பாதிப் பேர் இதோடு சமாதானம் ஆகிவிடுகிறார்கள். சிலர் கேட்காமலேயே ரிவ்யூவை மாற்றியிருக்கிறார்கள்.

நீக்கக் கோரிக்கை வேலை செய்யாது, பொருளைப் பற்றிய கருத்து என்றுதான் தளம் சொல்லும். அதனால் உங்கள் பதிலை ரிவ்யூவுக்குக் கீழே தேடாமல் லிஸ்டிங்கிலேயே வைத்துவிடுங்கள். இரண்டாவது படமாக, உறைந்த பாட்டிலையும் உறையாத பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம். நான் இதை ஐந்தாவது படமாகப் போட்டு ஒரு வருடம் வீணடித்தேன், ஐந்தாவது வரை யாரும் தள்ளிப் பார்ப்பதில்லை. பாட்டில் மூடியின்மேல் ஒரு சின்ன ஸ்டிக்கரும் ஒட்டுங்கள்: "குளிரில் உறையும். வெந்நீரில் வைத்தால் இளகும்." ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு எனக்கு இந்த ரிவ்யூ குளிர்காலத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்துவிட்டது.

### நுரை, புளிப்பு வாசம், திறக்கும்போது "புஸ்"

இது அநியாயமான ரிவ்யூ இல்லை, உங்கள் தேன் புளித்துவிட்டது. பாறைத்தேனில் ஈரம் அதிகம், மழைக்காலத்தில் எடுத்தது என்றால் கேட்கவே வேண்டாம். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதோடு சேர்த்து அடைத்த பாட்டில்கள், அந்தத் தொகுதி (பேட்ச்) முழுவதையும் நிறுத்துங்கள், தேனின் ஈரம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி ஒவ்வொரு டின்னையும் பார்த்தபிறகு பாட்டிலில் ஊற்றுங்கள்.

### போலி என்று மூன்று நான்கு பேர் எழுதி, விற்பனையே படுத்துவிட்டால்

இங்கே காசு செலவழிக்கலாம். எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அதே தொகுதி எண்ணுள்ள சீல் உடைக்காத பாட்டிலை அனுப்பி அறிக்கை வாங்குங்கள். போன வருட அறிக்கையை இந்த வருடத் தேனுக்குக் காட்டாதீர்கள், தொகுதி எண்ணைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். தளம் லிஸ்டிங்கை நிறுத்திவைத்தால் அதைத் திறப்பதற்கும் இந்தக் காகிதம்தான் வேண்டியிருக்கும்.

## அறிகுறி: "பை பாதிதான் இருக்கு", "பாட்டில் ஒடுங்கி பழசு மாதிரி இருக்கு"

இது மலைக்காரனுக்கு மட்டுமே வரும் வியாதி, எனக்கே ஒரு வருடம் புரியவில்லை. கால் கிலோ தூள், தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், சென்னையிலிருந்து "பை சுருங்கிக் கிடக்கு, காத்துப் போயிருக்கு, யாரோ திறந்து எடுத்திருக்காங்க" என்று எழுதுகிறார்கள். கூரியர் பையன்மேல் சந்தேகப்பட்டு அவரிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பாவம்.

கடைசியில் ஒரு நாள் சீல் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். 33 கிலோமீட்டர். கிளம்பும்போது தலையணை மாதிரி உப்பி நின்ற பை, அரவேணு தாண்டிக் கொஞ்சம் தளர்ந்தது, குஞ்சப்பனை வரும்போது பக்கங்களில் மடிப்பு விழுந்தது, மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது தூளோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். இங்கே அடைத்த காற்று கீழே போனால் சுருங்கும், அவ்வளவுதான் விஷயம். கீழேயிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட் ஊட்டிக் கடைகளில் பந்து மாதிரி உப்பித் தொங்குவதைத் தினமும் பார்க்கிறோம், அதையே தலைகீழாக யோசிக்கத் தெரியவில்லை எனக்கு. பிளாஸ்டிக் தேன் பாட்டிலின் இடுப்பு ஒடுங்குவதும் இதனால்தான்.

செலவில்லாத வழியில் ஆரம்பியுங்கள். சீல் போடும்போது பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடுங்கள், முதலிலேயே தட்டையாக இருக்கும் பை எங்கே போனாலும் அப்படியேதான் இருக்கும். பாட்டிலில் மேலே இடம் விடாமல் நிரப்புங்கள். பையின் பின்புறம் ஒரு வரி: "மலையில் அடைத்தது. சமவெளியில் பை ஒட்டிப்போகும். எடை சரியாக இருக்கும்." அடுத்தது, முத்திரை போட்ட தராசில் எடை தெரியும்படி, முகவரி லேபிளும் அதே படத்தில் வரும்படி ஒரு போட்டோ. எடை குறைவு என்று ரிட்டர்ன் கேட்டால் முதலில் இதைத்தான் காட்டவேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி பாட்டில். ஒடுங்காது, ஆனால் கூரியர் எடையும் உடையும் பயமும் கூடும். நான் அரை கிலோ தேனுக்கு மட்டும் கண்ணாடிக்கு மாறினேன், கால் கிலோவுக்குக் கட்டுப்படியாகவில்லை.

ரிவ்யூவே "எடை குறைவு, ஏமாற்று" என்று நேரடியாகக் குற்றம் சாட்டினால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். சமையல் தராசில் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லி மெசேஜில் பணிவாகக் கேளுங்கள். இதுவரை என்னிடம் அப்படிப் படம் அனுப்பிய எல்லோருமே பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் 236 கிராம் என்று காட்டினார், அது என் தவறுதான், ஒரு புதுப் பை அனுப்பினேன்.

## அறிகுறி: நீங்கள் விற்காத பொருளைப் பற்றி உங்கள் பக்கத்தில் திட்டு

"நெகிழிப் புட்டி, பச்சை மூடி" என்று எழுதியிருக்கிறார், உங்களிடம் பச்சை மூடியே கிடையாது. ஒரே பொருள் பக்கத்தில் பல பேர் விற்க முடியும் தளங்களில் இது நடக்கும். பொருள் பக்கத்தில் மற்ற விற்பனையாளர்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அவரிடமிருந்து நீங்களே ஒன்று ஆர்டர் செய்யுங்கள், வந்ததும் பெட்டியோடு, பில்லோடு படம் எடுத்து, உங்கள் லேபிளுக்கும் அவர் லேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிப் புகார் கொடுங்கள். வெறும் "இவர் போலி" என்ற புகார் நகரவே நகராது.

திரும்பத் திரும்ப யாராவது வந்து ஒட்டிக்கொண்டால் டிரேட்மார்க் பதியத்தான் வேண்டும், தளத்தின் பிராண்டுப் பதிவு அதை வைத்துத்தான் நடக்கும். தனிநபரோ சிறுதொழிலோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். தேயிலையும் தேனும் ஒரே 30ஆம் வகுப்பில் வந்துவிடும், தைலம் வேறு வகுப்பு. இதை டிரேட்மார்க் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நானே செய்கிறேன் என்று வகுப்பைத் தவறாகப் போட்டுக் கட்டணத்தை இரண்டுமுறை கட்டியவர் எனக்குத் தெரியும்.

## அறிகுறி: "பணத்தைத் திருப்பு, இல்லேன்னா ஒரு ஸ்டார்"

எல்லா மிரட்டலும் மிரட்டல் இல்லை. நிஜமாகவே குறையுள்ள பொருள் போய், ஆத்திரத்தில் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. ஆகவே முதல் சோதனை: ஸ்டார் பேச்சை அழித்துவிட்டு அவர் சொல்லும் குறையை மட்டும் படியுங்கள். நியாயம் என்றால் ரிட்டர்ன் விதிப்படி பணத்தைக் கொடுங்கள், பதிலுக்கு எதுவும் கேட்காதீர்கள். "பணம் தந்துவிட்டேன், ரிவ்யூவை எடுத்துவிடுங்கள்" என்று நீங்கள் எழுதும் அந்த ஒரு வரி போதும், தளத்தின் கண்ணில் குற்றவாளி நீங்கள்தான்.

குறையே சொல்லாமல் பணம் மட்டும் கேட்டால், பேச்சைத் தளத்தின் மெசேஜுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். போன் வந்தால், "மெசேஜில் எழுதுங்க, உடனே பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். எழுதியவுடன் அந்த மெசேஜ் பக்கத்திலிருந்தே புகார். பொருளின் விலைக்கு மேல் கேட்டால், அல்லது பல பேரிடம் இதையே தொழிலாகச் செய்கிறார் என்று தெரிந்தால், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவில் வரும். ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றும் வேண்டும், அதனால் மெசேஜ் வந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம், ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, போன் 15100.

## அறிகுறி: ஒரே ராத்திரியில் ஆறு ஒற்றை ஸ்டார்

"போட்டிக்காரன்தான் அண்ணா" என்பார்கள் எல்லோரும். இருக்கலாம். ஆனால் வர்க்கி தம்பிக்கு அப்படி ஆறு விழுந்தபோது ஆறு பேருக்கும் போனது ஒரே நாள் சுட்ட சரக்கு, டின் மூடி சரியாக அழுத்தப்படாமல் நமுத்துப் போயிருந்தது. ஆகவே முதலில் தொகுதியைப் பாருங்கள். அது சரி என்றால் அப்புறம் பாருங்கள்: வாங்கியவர் என்ற குறி இருக்கிறதா, வாசகங்கள் ஒரே அச்சில் இருக்கிறதா, அதே பெயர்கள் உங்கள் தொழிலில் உள்ள இன்னொருவருக்கு ஐந்து ஸ்டார் போட்டிருக்கின்றனவா. ஆறையும் தனித்தனியாகப் புகார் செய்யாமல் எல்லா இணைப்பையும், நேரத்தையும், ஒத்துப்போகும் வரிகளையும் ஒரே புகாரில் அடுக்குங்கள். தனித்தனியாகப் பார்க்கிறவருக்கு அவை ஆறு சாதாரணக் கருத்துகள், சேர்த்துப் பார்த்தால்தான் உருவம் தெரியும்.

பதில் வரவில்லையென்றால் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பெயரும் முகவரியும் தளத்திலேயே இருக்கவேண்டும் என்பது விதி. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரநிலையே இருக்கிறது, ஐஎஸ் 19000:2022. கட்டாயம் இல்லை, ஆனாலும் கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால் படிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். யார் செய்தது என்று உறுதியாகத் தெரிந்து, நஷ்டமும் கணக்கில் காட்ட முடிந்தால் வக்கீல் நோட்டீஸ். அவதூறு என்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு, அதை நீங்களே ரிவ்யூவின் கீழே எழுதி மிரட்டாதீர்கள், வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் சேரும்.

இந்தச் சமயத்தில்தான் இரண்டு சபலம் வரும். ஒன்று, சித்தப்பா மகனிலிருந்து ஆரம்பித்து இருபது பேரை வைத்து ஐந்து ஸ்டார் போடவைப்பது. 2020 மின்வணிக விதிகளின்படி விற்பவர் வாங்குபவர் வேஷத்தில் ரிவ்யூ எழுதக் கூடாது, தளமும் கண்டுபிடித்தால் கணக்கையே மூடிவிடும். இன்னொன்று, "நெகட்டிவ் ரிவ்யூ ரிமூவ் பண்ணித் தர்றோம் சார்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஆள். முன்பணம் கேட்பார், பிறகு லாகின் கேட்பார், கடைசியில் ஓடிபி கேட்பார். கொடுத்துவிட்டீர்கள் என்றால் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

## அறிகுறி: வாங்காதவர் மேப்பில் எழுதியது

மே மாதம் "பார்க்கிங் இல்லை, கடை பூட்டியிருந்தது" என்று விழும். வீட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் கூகுள் மேப்பில் முகவரியை மறைத்து வைப்பது நல்லது, ஆளே வரமாட்டார்கள். "ஹோம்மேட் சாக்லேட்" என்று போர்டு வைத்தவர்களுக்குப் பக்கத்துக் கடைக்குப் போகவேண்டிய திட்டும் வந்து சேரும். ரிவ்யூவைப் புகார் செய்யலாம், மறுத்தால் மேல்முறையீடு ஒரே ஒரு தடவைதான், அதனால் படம், ஆதாரம் எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு பிறகு அழுத்துங்கள். யார் சொல்வது உண்மை என்று கூகுள் தீர்ப்புச் சொல்லாது. நீக்கவில்லையென்றால் இரண்டு வரி: "அந்தத் தேதியில் உங்கள் பெயரில் எங்களிடம் ஆர்டர் இல்லை. வேறு கடையாக இருக்கலாம், பில் இருந்தால் அனுப்புங்கள்."

## அறிகுறி: அதே குறையை மூன்றாவது ஆள் எழுதுகிறார்

இதற்குமேல் அதை அநியாயம் என்று சொல்லாதீர்கள். எனக்குத் தைலத்தில் நடந்தது. "பாட்டில் ஒழுகுது" என்று முதல் ஆள் எழுதினார், கூரியர் எறிந்திருப்பான் என்றேன். இரண்டாவது ஆளுக்கும் அதையே சொன்னேன். மூன்றாவதாக ஒரு அம்மா ரிட்டர்ன் அனுப்பினார், பெட்டியைத் திறந்தால் நான் சுற்றிலும் அடைத்து அனுப்பிய தெர்மகோல் கூழாகிப் பாட்டிலோடு ஒட்டிப்போய், லேபிள் அழிந்து, அறை முழுக்க வாசம். தைலம் தெர்மகோலைக் கரைத்துவிடும் என்பது ஊரில் தைலம் காய்ச்சும் எல்லோருக்கும் தெரியுமாம், என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த மெத்தை ஊறி உப்பியிருந்தது. இப்போது கண்ணாடிக் குப்பி, உள்ளே ஒரு அடைப்பான், மேலே திருகு மூடி, சுற்றிலும் பழைய செய்தித்தாள். அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு குப்பியையும் ஒரு ராத்திரி தலைகீழாகச் செய்தித்தாள்மேல் நிறுத்திவைக்கிறேன், காலையில் தாளில் வட்டம் விழுந்திருந்தால் அந்தக் குப்பி போகாது. நேற்று பன்னிரண்டில் ஒன்று நின்றுவிட்டது.